தண்ணீர் வராத போர்களை யார் எண்ணுவது?

"இன்னும் ரெண்டு ராடு இறக்கிப் பாருங்க" என்று, போர் என்கிற ஆழ்துளைக் கிணறு ஓட்டியவர்களிடம் அப்பா சொன்ன குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. 2017 மார்ச், ராத்திரி பதினொரு மணி இருக்கும். முந்தைய ஐப்பசியும் கார்த்திகையும் மழையில்லாமல் போய், ஜனவரியில் தமிழ்நாடு முழுவதையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்திருந்தது. காங்கேயத்துக்குத் தெற்கே எங்கள் தோட்டத்தில் கிணறு பாறை தெரியக் கிடந்தது. தென்னையில் மட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொங்கிக்கொண்டிருந்தன. குருத்து சாய்ந்த மரங்களை அப்பா காலையில் ஒரு தடவை எண்ணுவார், சாயங்காலம் ஒரு தடவை எண்ணுவார். லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றிக் கட்டுப்படியாகவில்லை. அம்மாவின் வளையலையும் ஆரத்தையும் அடகு வைத்துப் போர் ஓட்டுவது என்று முடிவானது.

நீரோட்டம் பார்க்க மாமா ஒரு பெரியவரை அழைத்து வந்தார். எங்கள் பக்கத்தில் அவரைக் கேட்காமல் யாரும் போர் ஓட்டுவதில்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கிழக்கே பார்த்துக் கும்பிட்டு, கவையாக வெட்டிய வேப்பங்குச்சியை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு வரப்போரமாக நடந்தார். சனி மூலைக்கு வந்ததும் குச்சி கீழே வளைந்தது. அதே இடத்தில் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு நின்றார். குடுமிப் பக்கம் மெல்ல மேலே எழும்பி, தேங்காய் செங்குத்தாக நின்றதை இரண்டடி தள்ளி நின்று பார்த்தேன். அவர் முன்கை நரம்பு புடைத்திருந்தது, நெற்றியில் வேர்வை. "ரெண்டு ஓட்டம் இங்க கூடுதுங்க. நானூத்தம்பதுக்குள்ள ரெண்டு இஞ்சுத் தண்ணி இருக்குது" என்றார். போரில் எவ்வளவு தண்ணீர் வரும் என்பதை எங்கள் பக்கம் இஞ்சுக் கணக்கில்தான் சொல்வார்கள். அப்பா அந்த இடத்தில் ஒரு கல்லை நட்டு சுண்ணாம்பு பூசினார்.

திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்தது. 160 அடியில் பாறைத்தூள் கொஞ்சம் ஈரமாகி, உருட்டினால் உருண்டை பிடிக்கிற மாதிரி வந்தது. மாமா அதை டார்ச் வெளிச்சத்தில் அப்பாவிடம் காட்டினார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு வெறும் பாறைத்தூள் புகை. 450 அடியும் தாண்டியது. எங்கள் எல்லோருடைய தலையும் இமையும் வெள்ளையாகிவிட்டன. போர் ரேட் முதல் 300 அடி வரை ஒரு கணக்கு, அதற்குமேல் ஒவ்வொரு நூறு அடிக்கும் ஏறிக்கொண்டே போகும். எங்களுடையது கெட்டிப் பாறை பூமி. தண்ணீர் மேலே மக்கிய பாறையிலும் அதற்குக் கீழே உள்ள வெடிப்புகளிலும்தான் நிற்கும். ஆழம் போகப் போக வெடிப்புகள் பொதுவாகக் குறையும். ஆக, இறங்க இறங்கச் செலவு கூடுகிறது, கிடைக்கிற வாய்ப்பு குறைகிறது. இது அப்பாவுக்குத் தெரியாததில்லை. ஆனால் 600 அடியில் டிரில்லர் "இன்னும் ஓட்டட்டுங்களா?" என்று கேட்டபோது அவர் கண்முன் நின்றது இனி வரப்போகும் அடிகள் இல்லை, ஏற்கெனவே காசு போன அடிகள். "இவ்வளவு தூரம் வந்துட்டு எப்படி விடறது" என்றார். தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் அந்த 600 அடிக்கான காசு போனது போனதுதான், அடுத்த ராடை அது முடிவு செய்யக் கூடாது என்பதை அந்தச் சத்தத்தில், அந்தப் புகையில், யார் அவருக்குச் சொல்வது? நானும் சொல்லவில்லை. நானும் அடுத்த ராடில் வந்துவிடும் என்றுதான் நின்றிருந்தேன். 920 அடியில் அப்பா கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். வண்டி போன பிறகு கேசிங் பைப் வாய்மீது ஒரு பலகைக்கல்லைத் தூக்கி வைத்தோம். அன்றைக்கு யாரும் சாப்பிடவில்லை.

மறுநாள் நடந்ததுதான் என்னை இத்தனை வருஷம் விடாமல் பிடித்துக்கொண்டது. மாமா வந்து பார்த்துவிட்டு, "கல்லு நட்ட எடத்துலிருந்து மூணடி தள்ளியில்ல வண்டியை நிறுத்தியிருக்காங்க" என்றார். பக்கத்துத் தோட்டத்துக்காரர், இன்னும் நூறடி ஓட்டியிருந்தால் வந்திருக்கும் என்றார். பெரியவர் குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஓட்டம் இருக்குதுங்க, போரு சந்துல போயிருச்சு" என்றார். மூன்று பேர் சொன்ன மூன்று காரணத்தில் ஒன்றில்கூடக் குச்சி தவறு செய்திருக்கலாம் என்பதற்கு இடமில்லை. தண்ணீர் வந்திருந்தால் குச்சி சொன்னது பலித்தது. வராததால் வண்டி தள்ளி நின்றது. எது நடந்தாலும் குச்சி ஜெயிக்கிற ஆட்டம் அது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "காசு வாங்கறதுக்காக ஊரையே ஏமாத்தறீங்க" என்று அந்தப் பெரியவரின் முகத்துக்கு நேரே கத்திவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை, செருப்பை மாட்டிக்கொண்டு போனார். "படிச்ச திமிரு" என்று மாமா என்னைப் பார்த்துச் சொன்னார்.

இப்போது யோசித்தால் நானும் மாமாவும் அன்றைக்குச் செய்தது ஒரே தப்பு. குச்சிக்கும் தண்ணீருக்கும் சம்பந்தம் உண்டா இல்லையா என்பதுதான் கேள்வி. நான் அதை விட்டுவிட்டு அவருடைய நேர்மைக்குப் போனேன். மாமா என் படிப்புக்குப் போனார். அவர் காசு வாங்காமல் பார்த்திருந்தாலும் அந்த 920 அடியில் தண்ணீர் வந்திருக்கப் போவதில்லை. நான் படிக்காதவனாக இருந்திருந்தாலும் என் கேள்வி மாறியிருக்காது. நம் வீட்டுச் சண்டைகளில் பாதி இப்படித்தான் போகிறது. பேச்சை விட்டுவிட்டுப் பேசுகிற ஆளைப் பிடித்துக்கொள்கிறோம்.

குச்சி எப்படி வளைகிறது

பெரியவர் ஏமாற்றுகிறார் என்று நான் சொன்னது மரியாதைக் குறைவு மட்டுமில்லை, உண்மையும் இல்லை. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வருஷம் ஆனது. 1852இல் வில்லியம் கார்ப்பென்டர் என்ற ஆங்கிலேய மருத்துவர் ஒரு விஷயத்துக்குப் பெயர் வைத்தார். மனதில் ஒரு எண்ணம் இருந்தாலே போதும், நமக்கே தெரியாமல் தசை அந்தத் திசையில் லேசாக அசையும். அடுத்த வருஷம் மைக்கேல் ஃபாரடே இதை ஒரு மேசையில் சோதித்தார். அந்தக் காலத்தில் லண்டனில் ஆட்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து கை வைத்தால் ஆவி வந்து மேசையைத் திருப்புவதாக ஒரு நம்பிக்கை பரவியிருந்தது. ஃபாரடே கைக்கும் மேசைக்கும் நடுவில் வழுக்கக்கூடிய அட்டைகளை அடுக்கி வைத்தார். மேசை முதலில் நகர்ந்தால் அடி அட்டை முந்தும், கை முதலில் தள்ளினால் மேல் அட்டை முந்தும். மேல் அட்டைதான் முந்தியது. உட்கார்ந்திருந்தவர்கள் பொய் சொல்லவில்லை. தாங்கள் தள்ளவே இல்லை என்று மனதார நம்பினார்கள். கை அசைவதைக் கண்ணால் பார்க்கும்படி ஒரு முள்ளை வைத்துக் காட்டியதும் மேசை நின்றுவிட்டது.

கவைக்குச்சியை இரண்டு பக்கமும் விரித்து இழுத்துப் பிடித்தால் அது எப்போதும் துள்ளத் தயாராக இருக்கும். மணிக்கட்டு ஒரு மயிரிழை திரும்பினாலும் முனை படாரென்று வளையும். உள்ளங்கைத் தேங்காயும் அப்படியே. நான் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு செய்து பார்த்தேன். இங்கே தண்ணீர் இருக்கிறது என்று மனதில் நினைத்துக்கொண்டே நடந்தபோது குச்சி வளைந்தது. நான் வளைக்கவில்லை என்றுதான் எனக்கும் தோன்றியது. அன்றைக்குப் பெரியவரின் புடைத்த நரம்பு நினைவுக்கு வந்து நெஞ்சை என்னவோ செய்தது. அவர் ஐம்பது வருஷமாக உணர்ந்தது நிஜம். அந்த இழுப்பு எங்கிருந்து வருகிறது என்பதில்தான் தவறு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நிலத்தைப் பார்த்து நீரை ஊகிப்பது முழுக்கக் கட்டுக்கதை இல்லை. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்ஹிதையில் நிலத்தடி நீருக்கென்றே ஒரு அத்தியாயம் உண்டு. எந்த மரத்துக்குப் பக்கத்தில் கறையான் புற்று இருந்தால் எத்தனை ஆழத்தில் நீர் என்று அதில் சொல்லிக்கொண்டே போகிறார். அவர் சொன்ன அளவெல்லாம் சரியா என்பது வேறு விஷயம். ஆனால் புற்றும் பச்சை மரமும் வெளியே இருக்கிற அடையாளங்கள், யாரும் போய்ச் சரிபார்க்கலாம். எங்கள் பெரியவருக்கும் அந்தக் கண் இருந்தது. எந்தப் பள்ளத்தில் மழை நின்று வடியும், எந்தப் பக்கம் பாறை மேலேறி வரும் என்பது அவருக்கு அத்துப்படி. அவர் சொல்லி வந்த தண்ணீரில் எத்தனை அந்தக் கண்ணுக்குச் சேர வேண்டியது, எத்தனை குச்சிக்கு என்று யாரும் பிரித்துப் பார்த்ததில்லை.

இரண்டாவது போர்

2018இல் ஒரு நிலத்தடி நீர் ஆய்வாளரைக் கூட்டி வந்தேன். தரையில் இரும்பு முளைகளை அடித்து, மின்சாரம் செலுத்தி, மண்ணும் பாறையும் எவ்வளவு தடுக்கிறது என்று அளந்தார். ஈரமுள்ள, மக்கிய பகுதியில் தடை குறையும். மேற்கு வேலியோரம் ஒரு இடத்தைக் காட்டினார். 380 அடியில் ஒன்றரை இஞ்சுத் தண்ணீர் வந்தது. சேற்றுத் தண்ணீர் கேசிங் வாயிலிருந்து பீய்ச்சி அடித்தபோது அப்பா அந்தத் தண்ணீரைக் கையில் பிடித்துத் தலையில் தெளித்துக்கொண்டார். நான் மாமாவிடம் போய், "பாத்தீங்களா, விஞ்ஞானம்னா இதுதான்" என்றேன்.

இந்த வாக்கியத்தைத்தான் நான் மிகவும் தாமதமாகப் புரிந்துகொண்டேன். ஒரு போரில் தண்ணீர் வரவில்லை, ஆகவே குச்சி பொய். ஒரு போரில் தண்ணீர் வந்தது, ஆகவே மெஷின் மெய். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று ஊரைச் சொல்லிக்கொண்டிருந்த நான், எனக்குப் பிடித்த காக்கை உட்கார்ந்ததும் கைதட்டிவிட்டேன். மின்தடை ஆய்வுக்குக் காரணம் புரிகிற அடிப்படை இருக்கிறது, குச்சிக்கு இல்லை. அந்த வித்தியாசம் பெரிது, அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் என் வாயிலிருந்து வந்தது அந்த வாதம் இல்லை. ஒரே ஒரு போரைக் காட்டி நான் ஜெயித்தேன். அதே மேற்கு வேலியோரம் பெரியவரின் குச்சியும் வளைந்திருந்தால்? நான் அவரை அங்கே நடக்கவே விடவில்லை.

அந்த ஐப்பசி

2019 அக்டோபர் 25 அன்று மணப்பாறை பக்கத்தில் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று கைவிடப்பட்ட போருக்குள் விழுந்தது. நான்கு நாள் எல்லோரும் தொலைக்காட்சி முன்னால்தான் உட்கார்ந்திருந்தோம். நடுவில் தீபாவளி வந்துபோனது, எங்கள் வீட்டில் பட்டாசுப் பெட்டியைப் பிரிக்கவே இல்லை. 29ஆம் தேதி விடிவதற்கு முன் உடல்தான் கிடைத்தது. கைவிட்ட போர்களை எப்படி மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010லேயே வழிமுறை சொல்லியிருந்தது. அந்த வாரம்தான் ஊர் ஊராக அது நினைவுக்கு வந்தது. எங்கள் ஊரிலும் திறந்து கிடக்கும் போர்களைக் கணக்கெடுத்து மூட வேண்டும் என்று சொல்ல, விடுமுறையில் இருந்த நானும் இன்னும் நான்கு பேரும் கிளம்பினோம். அப்பா எங்கள் போர்மீது வைத்த பலகைக்கல்லை ஒரு குழந்தை நகர்த்த முடியுமா என்று நான் முதலில் போய்த் தள்ளிப் பார்த்தேன். நகர்ந்தது. அன்று மதியத்துக்குள் இரும்பு மூடி போட்டு வெல்டிங் வைத்தோம்.

அப்புறம் தோட்டம் தோட்டமாக நடந்தோம். நான் பிறந்து வளர்ந்த ஊர், ஒவ்வொரு வரப்பும் தெரியும் என்று நினைத்திருந்தேன். முதல் நாளில் மட்டும் பதினேழு போர் பார்த்தோம். ஒன்றின்மீது ஆட்டுக்கல்லின் உடைந்த பாதி. ஒன்றின் வாயில் சாக்கைத் திணித்து மண் போட்டிருந்தார்கள், அதன்மேல் கோரைப்புல் முளைத்திருந்தது. ஒன்று மாட்டுக்கொட்டகைக்குள் தீவனத் தொட்டிக்கு அடியில் இருந்தது. வீட்டுக்காரர் சொல்லியிராவிட்டால் கண்டிருக்கவே மாட்டோம். ஒரு தோட்டத்தில் கைம்பெண் ஒருவர் எங்களைக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டு, "இதுக்கு வாங்குன கடனைத்தான் அவங்க போற வரைக்கும் கட்டுனாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். ஓடுகிற போருக்கு மோட்டார் அறை உண்டு, மின்கம்பம் உண்டு, சத்தம் உண்டு. தென்னையும் மஞ்சளும் வாழையும் அதைச் சுற்றி நிற்கும். அந்த வழியாகப் போகிறவர்கள் "இது இன்னார் பார்த்துச் சொன்ன போர்" என்பார்கள். தண்ணீர் வராத போர் தரையோடு தரையாகப் போய்விடுகிறது. அதைப் பற்றிப் பேச யாருக்கும் மனம் வருவதில்லை. பேசினால் கடன் நினைவுக்கு வரும்.

கிரேக்க நாட்டில் தியாகோரஸ் என்று ஒருவர் இருந்தார். கடலில் புயலுக்குத் தப்பியவர்கள் கோயிலில் மாட்டிய நேர்த்திப் படங்களை ஒருவர் அவரிடம் காட்டி, இதற்குப் பிறகுமா தெய்வத்தை நம்ப மாட்டீர்கள் என்று கேட்டாராம். மூழ்கிப்போனவர்கள் எங்கேயும் படம் மாட்டவில்லையே என்றாராம் தியாகோரஸ். ரோமானியரான சிசரோ இதை எழுதி வைத்திருக்கிறார். கடவுள் உண்டா இல்லையா என்ற வழக்குக்கு நான் வரவில்லை. ஆட்டுக்கல்லின் பாதி மூடிய அந்தப் போர்வாயில் நின்றபோது எனக்கு அந்தப் படங்கள்தான் நினைவுக்கு வந்தன. டியூஷன் சென்டர் வாசலில் மாவட்ட முதல் மதிப்பெண் எடுத்த பிள்ளையின் படத்தைப் பார்த்துப் பணம் கட்டுகிறோம். தாத்தா பீடி குடித்தே தொண்ணூறு வயது வரை இருந்தார் என்கிறோம். நாற்பதில் போனவர்கள் திண்ணையில் உட்கார்ந்து கதை சொல்வதில்லை.

மாமா கேட்ட கேள்வி

பதினேழு போரையும் ஒரு நோட்டில் எழுதினேன். எந்த வருஷம், எத்தனை அடி, யார் நீரோட்டம் பார்த்தது. பதினைந்து போருக்கு யாராவது ஒருவர் குச்சியோ தேங்காயோ பார்த்திருந்தார்கள். ஒன்றுக்கு யார் பார்த்தது என்று யாருக்கும் நினைவில்லை. மற்றொன்றை, வண்டி நிற்க வசதி என்று பாதையோரமாகவே ஓட்டியிருந்தார்கள். எனக்கு ஒரே வேகம். நோட்டை எடுத்துக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனேன். "பதினேழுல பதினஞ்சு, மாமா. எல்லாம் குச்சி பார்த்துப் போனது" என்றேன். மாமா கட்டிலில் உட்கார்ந்து நோட்டை நிதானமாகப் படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "சரி. தண்ணி வந்த போரெல்லாம் யாரு பார்த்தாங்க?" என்று கேட்டார்.

நான் வாயடைத்துப் போனேன். தண்ணீர் வந்த போர்களுக்கும் குச்சிதான் பார்த்திருந்தார்கள். எங்கள் ஊரில் பார்க்காமல் யாரும் ஓட்டுவதில்லையே. வராததை மட்டும் எண்ணிக்கொண்டு போன நான், வந்ததை மட்டும் சொல்கிற ஊரைப் போலத்தான் நின்றேன். வேண்டிய பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்ற என் மாமா, தர்க்கம் தெரியாதவர் என்று நான் முடிவு கட்டி வைத்திருந்தவர், என் கணக்கில் இருந்த ஓட்டையில் நேராக விரலை வைத்தார்.

அன்று ராத்திரி நோட்டின் பின்பக்கத்தில் நான்கு கட்டம் போட்டேன். பார்த்து ஓட்டித் தண்ணீர் வந்தது. பார்த்து ஓட்டிப் புகை போனது. பார்க்காமல் ஓட்டித் தண்ணீர் வந்தது. பார்க்காமல் ஓட்டிப் புகை போனது. முதல் இரண்டு கட்டங்களை நிரப்ப ஊரே இருக்கிறது. மூன்றாவதிலும் நான்காவதிலும் எழுத எங்களிடம் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. அந்தப் பாதையோரப் போர் ஒன்று, அரசு போட்ட அடிபம்பு இரண்டு. எங்கள் பூமியில் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினாலும் பத்துக்கு ஆறில் தண்ணீர் வரும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அப்போது குச்சி பார்த்தவருக்கும் பத்துக்கு ஆறு வரும். அந்த ஆறு பேரும் ஆயுசுக்கும் அவர் பெயரைச் சொல்வார்கள், நான்கு பேர் கல்லைப் போட்டு மூடிவிடுவார்கள். எல்லோரும் குச்சி பார்க்கிற ஊரில் குச்சிக்குச் சக்தி உண்டா இல்லையா என்பதை அனுபவத்தால் தெரிந்துகொள்ள வழியே கிடையாது. நூறு வருஷ அனுபவம் இருந்தாலும் கிடையாது. "எங்க அனுபவத்துல சொல்றோம்" என்று ஊர் சொல்வது பொய் இல்லை. அந்த அனுபவத்துக்குள் இந்தக் கேள்விக்கான பதில் இல்லை, அவ்வளவுதான்.

இதை நாம் புதிதாக எங்கிருந்தும் கற்க வேண்டியதில்லை என்பதுதான் எனக்கு வலிக்கிறது. மணிமேகலையின் 29ஆம் காதையில் காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தர்க்கம் சொல்லிக்கொடுக்கிறார். இந்த மலையில் நெருப்பு இருக்கிறது, ஏனென்றால் புகை இருக்கிறது, அடுக்களையைப் போல என்பது அங்கே வருகிற உதாரணம். அதோடு விடவில்லை. ஒத்த உதாரணம் ஒன்றும் மாறான உதாரணம் ஒன்றும் வேண்டும். நெருப்பு உள்ள இடத்தில் புகையைக் காட்டினால் போதாது, நெருப்பு இல்லாத இடத்தில் புகையும் இல்லை என்பதைக் காட்ட வேண்டும். பிழையான வாதங்களுக்கு அங்கே போலி என்று பெயர். பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி என்று வகை வகையாகப் பிரிக்கிறார். ஏதுப்போலியில், அதாவது காரணத்தில் உள்ள பிழையில், ஒரு வகை அநைகாந்திகம். அதற்குள் சாதாரணம் என்று ஒன்று: சொல்லப்படும் காரணம் இந்தப் பக்கமும் இருக்கும், எதிர்ப்பக்கமும் இருக்கும், ஆகவே எதையும் நிறுவாது. தண்ணீர் வந்த போரிலும் குச்சி வளைந்தது, வராத போரிலும் குச்சி வளைந்தது. ஒரு இளம் பெண்ணுக்கு அறம் சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்லிக்கொடுத்தாக வேண்டும் என்று நம் காப்பியம் ஒன்று நினைத்திருக்கிறது. நான் பள்ளியில் மணிமேகலையின் அமுதசுரபியைப் படித்தேன், இந்தக் காதையை யாரும் எனக்குக் காட்டவில்லை.

காலியாகக் கிடக்கும் அந்த இரண்டு கட்டங்களை வேறு இடத்தில் ஓரளவு நிரப்பிப் பார்த்திருக்கிறார்கள். 1987, 88 ஆண்டுகளில் ஜெர்மனியின் மியூனிக் பக்கத்தில் அரசு நிதியில் ஒரு சோதனை. 500 பேர் வரை பார்த்து, அவர்களில் கெட்டிக்காரர்கள் என்று 43 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு களஞ்சியத்தின் கீழ்த்தளத்தில் தண்ணீர்க் குழாயை ஒவ்வொரு தடவையும் வேறு இடத்துக்கு நகர்த்தி வைக்க, மேல்தளத்தில் குச்சியோடு நடப்பவர் அது எங்கே என்று சொல்ல வேண்டும். 843 தடவை நடந்தது. சிலருக்கு உண்மையிலேயே திறமை இருக்கிறது என்று நடத்தியவர்கள் எழுதினார்கள். பிறகு ஜிம் என்ரைட் என்ற அமெரிக்க ஆய்வாளர் அதே எண்களை மறுபடி எடுத்துப் பார்த்தார். ஒரு சுற்றில் அருமையாகச் சொன்னவர் அடுத்த சுற்றில் அப்படிச் சொல்லவில்லை. மொத்தத்தில் கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் எப்படி விழுமோ அப்படித்தான் விழுந்திருந்தது. எனக்கு இது போதுமான பதில். ஆனால் இதை அன்றைக்கே மாமாவிடம் சொல்லியிருந்தால், ஜெர்மனியில் எவனோ செய்ததை இங்கே கொண்டுவராதே என்றிருப்பார். அவர் கேட்டது எங்கள் ஊர்க் கணக்கை.

அதனால் எங்கள் ஊர்க் கணக்கையே எழுத ஆரம்பித்தேன். தண்ணீர் வந்ததும் வராததுமாக. அடுத்த பொங்கல் விடுமுறையில் பெரியவர் வீட்டுக்குப் போனேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க தம்பி, அன்னைக்கு உங்க வயிறு எரிஞ்சிருக்கும்" என்றார். அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்தார். நோட்டைப் படித்துக் காட்டச் சொன்னார், அவருக்குக் கண்புரை. தண்ணீர் வந்த ஒவ்வொரு போருக்கும் ஆமாங்க ஆமாங்க என்று தலையாட்டிக்கொண்டே வந்தார். எத்தனை அடி, எந்த மாதம், ஓட்டும்போது வெயிலா மேகமா என்பது வரை சொன்னார். வராத போர்கள் வந்ததும் ஒவ்வொன்றுக்கும் கொஞ்ச நேரம் யோசித்தார். நான்கு போரை அவர் பார்த்ததாகவே நினைவில்லை. மாட்டுக்கொட்டகைப் போரைச் சொன்னபோது, அது வேறு யாரோ பார்த்தது என்றார். உள்ளே இருந்து அவர் மனைவி, "இல்லீங்க, நீங்கதான் போனீங்க. அன்னைக்குத்தான் பெரியவளுக்குச் சீர் வச்சோம், சாப்பாட்டுக்கு லேட்டா வந்தீங்க" என்றார். பெரியவர் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "எழுதிக்குங்க தம்பி. அதுவும் என்ற பேருலயே எழுதுங்க" என்றார்.

அவர் இன்னும் நீரோட்டம் பார்க்கிறார். ஊரும் இன்னும் கூப்பிடுகிறது. மாமா அவரை இன்னும் நம்புகிறார், நாங்கள் இன்னும் வாதாடுகிறோம். சத்தம் மட்டும் குறைந்திருக்கிறது.

போன சித்திரையில் எங்கள் இரண்டாவது போரிலும் தண்ணீர் அரை இஞ்சாக இறங்கிவிட்டது. தெற்குப் பக்கம் இன்னொரு போர் ஓட்டலாமா என்று வீட்டில் பேச்சு வந்தது. மாமா பெரியவரைக் கூப்பிடலாம் என்றார். நான் ஆய்வாளரைக் கூப்பிடலாம் என்றேன். அப்பா இரண்டு பேருக்கும் பதில் சொல்லாமல் எழுந்துபோய், அலமாரியிலிருந்து அந்த நோட்டை எடுத்து வந்து என் மடியில் போட்டார். "தெக்குப் பக்கத்துல இதுவரைக்கும் மொத்தம் எத்தனை ஓட்டியிருக்காங்க, அதுல எத்தனை போச்சு? எத்தனை அடியில நிறுத்துனாங்க? மொதல்ல அதைச் சொல்லு" என்றார். நான் பக்கத்தைத் திருப்பினேன். மாமா நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, விட்டுப்போன பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார்.